அத்தான் 8,910 ரூபா மிச்சம் பிடித்த கதை: கிரெடிட் கார்ட்டோடு வரும் காப்புறுதியை எப்படிப் பயன்படுத்துவது

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் சின்ன அலுவலகம் என்னுடையது. மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருகிற எல்லோருக்கும் தங்கள் கிரெடிட் கார்ட்டைப் பற்றி ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எந்தக் கிழமை, எந்த சுப்பர் மார்க்கெட்டில், மரக்கறிக்கு எத்தனை வீதம் கழிவு என்பதுதான் அது. கீல்ஸா கார்கில்ஸா, சனியா ஞாயிறா என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே கார்ட்டால் டிக்கெட் காசைக் கட்டியிருந்தால், பெட்டி பிந்தி வந்ததற்கும் காசு கேட்கலாம் என்று சொன்னால், "அப்பிடியும் இருக்குதோ?" என்று கார்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கார்ட்டின் முதுகில் அதெல்லாம் எழுதியிருக்காது. கார்ட் வந்த உறைக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்திருக்கும், அதில்தான் இருக்கும். அந்தத் தாள் இப்போது எங்கே என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

நானும் அந்தத் தாளை வாசிக்காதவன்தான். வாசிக்க வைத்தது ரொறன்ரோவிலிருந்து வந்த அக்கா குடும்பம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தார்கள். திருவிழா 25 நாள், அதற்கு முன்னும் பின்னும் கொழும்பில் சில நாள் என்று கணக்குப் போட்டு, அத்தான் 33 நாளுக்கு ஒரு கார் வாடகைக்கு எடுத்தார். சாரதி வேண்டாம், தானே ஓட்டுவேன் என்றார். நாளுக்கு 9,000 ரூபா. காசாகக் கட்டினால் 3 வீதம் குறைப்போம் என்று கடைக்காரர் சொல்ல, அத்தான் உடனே சம்மதித்துவிட்டார். 8,910 ரூபா மிச்சம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அதை இரண்டு தரம் சொன்னார்.

யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் வரைக்கும் காரில் ஒரு கீறல் இல்லை. ஏ9 வீதியில் மாடு குறுக்கே வந்தது, லொறி முட்டப்பார்த்தது, ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள், மதிலோரமாக நிறுத்தியிருந்த காரை ராத்திரி யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். இடது பக்கம் இரண்டு கதவும் உள்ளே போய், பச்சைப் பெயின்ட் கோடு இழுபட்டிருந்தது. முச்சக்கர வண்டியாகத்தான் இருக்கவேண்டும்.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது கணக்கு வந்தது. காருக்குக் காப்புறுதி இருக்கிறது, ஆனால் முதல் 75,000 ரூபா வாடகைக்கு எடுத்தவர் தலையில். இதைத்தான் எக்ஸஸ் என்கிறார்கள். அதற்கு மேல், கார் கராஜில் நிற்கப்போகும் 6 நாளுக்கு வாடகை இழப்பு 54,000. மொத்தம் 129,000. முற்பணமாகக் கொடுத்திருந்த ஒரு லட்சம் போக, இன்னும் 29,000 ரூபாயை அத்தான் எண்ணிக் கொடுத்தார்.

அப்புறம்தான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது: "உங்கட கார்ட்டில வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் இருக்கெண்டு ஒருக்கா கடிதம் வந்ததெல்லே?" அத்தான் ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் பேசிய பெண் கேட்ட முதல் கேள்வி, வாடகையை எந்தக் கார்ட்டில் கட்டினீர்கள் என்பது. "காசாக" என்றார் அத்தான். அதோடு பேச்சு முடிந்தது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்குத்தான் அந்தக் கார்ட்டின் காப்புறுதிப் புத்தகத்தை இணையத்தில் தேடி எடுத்து, வரிக்கு வரி வாசித்தேன். அதிலிருந்து தெரிந்துகொண்டதையும், பிறகு அலுவலகத்துக்கு வந்தவர்களின் கார்ட்டுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

வாடகைக் காருக்குக் கார்ட் எப்போது காசு கொடுக்கும்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் கார்ட்டில்தான் இந்த வசதி கூடுதலாக இருக்கும், குறிப்பாகக் கனடா, அமெரிக்கக் கார்ட்டுகளில். வாடகைக் கம்பனிகள் சி.டி.டபிள்யூ என்று ஒன்றை விற்கும். கார் சேதமானால் உங்களிடம் காசு கேட்கமாட்டோம் என்ற உறுதி அது. நாளுக்கு நாள் தனிக் கட்டணம். கார்ட்டின் காப்புறுதி அதற்குப் பதிலாக நிற்பது. ஆகவே பெரும்பாலான கார்ட்டுகள் போடும் நிபந்தனை, கம்பனி விற்பதை வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும் என்பது. வாயால் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று குறித்துக் கையெழுத்து வைத்திருக்கவேண்டும்.

இலங்கையில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே பல இடங்களில் காப்புறுதி வாடகைக்குள்ளேயே சேர்ந்திருக்கும், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அப்படியானால் அந்த எக்ஸஸ் தொகையைச் சில கார்ட்டுகள் கொடுக்கும், சில விலகிக்கொள்ளும். இதைப் புறப்படமுன் போனில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கவேண்டும்.

அடுத்தது, வாடகை முழுவதும் அதே கார்ட்டில் போகவேண்டும். பாதி காசு பாதி கார்ட் என்றால் பல கார்ட்டுகள் ஏற்காது. கார்ட் கொடுத்தால் கூடுதலாக 2, 3 வீதம் கேட்கும் கடைகள் கொழும்பில் நிறைய. அப்படி அறவிடக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது, ஆனாலும் நடக்கிறது. கடைக்காரர் அதைக் 'காசுக்குக் கழிவு' என்று திருப்பிச் சொன்னால் நமக்கு இனிக்கிறது. அத்தானுக்கும் அப்படித்தான் இனித்தது.

நாள் கணக்கையும் பார்க்கவேண்டும். கனடாவின் பல கார்ட்டுகளில் 48 நாள்தான் எல்லை. அமெரிக்க விசா கார்ட்டுகள் பலவற்றில் வெளிநாட்டு வாடகைக்கு 31 நாள். எல்லையைத் தாண்டிய வாடகை என்றால் தாண்டிய நாளுக்கு மட்டும்தான் காப்பு இல்லை என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே இல்லை. அத்தானிடம் அமெரிக்கக் கார்ட் இருந்திருந்தால் 33 நாள் என்ற அந்த ஒரே காரணத்துக்காகவே விழுந்திருக்கும். 31ஆம் நாள் ஒப்பந்தத்தை முடித்து அன்றைக்கே புது ஒப்பந்தம் போடுகிற வித்தையும் பலிக்காது. பல கார்ட்டுகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி கேட்கின்றன.

எந்த நாட்டில் செல்லாது என்ற பட்டியலும் கார்ட்டுக்குக் கார்ட் மாறும். அமெரிக்காவில் கொடுக்கப்படும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்ட்டின் வாடகைக் கார் காப்புறுதி அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இத்தாலி மூன்றிலும் செல்லாது. அமெரிக்க விசா கார்ட்டுகள் பலவற்றின் காப்புறுதி அயர்லாந்து, இஸ்ரேல், ஜமேக்காவில் செல்லாது. மெல்பேர்ணில் மாமா வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் எந்தக் கார்ட் என்று பார்த்துப் போகவேண்டும்.

இனி எங்கள் ஆட்கள் அடிக்கடி விழும் குழி. குடும்பமாக வந்தால் பத்துப் பேர், அதனால் கேடிஎச் வான். பெரிய வான்கள் பெரும்பாலான கார்ட்டுகளில் விலக்கு, எட்டு ஒன்பது இருக்கைக்கு மேல் போனால் அனேகமாக இல்லை. பிக்கப் லொறி, மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி எல்லாம் விலக்கில் வரும். இப்போது தெற்குக் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தாங்களே ஓட்டித் திரியும் வாடகை முச்சக்கர வண்டிகளுக்கும் இது பொருந்தும், பாவம். சாரதியோடு வாடகைக்கு எடுத்தால் அது இந்தக் காப்புறுதிக்குள்ளேயே வராது. நீங்கள் ஓட்டவேண்டும், உங்கள் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். தம்பி கொஞ்சத் தூரம் ஓட்டினான் என்றால் தம்பியின் பெயரும் இருக்கவேண்டும்.

ஓட்டுகிறவரிடம் இங்கே செல்லுபடியாகும் அனுமதி இருக்கவேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரொறன்ரோ லைசன்ஸ் மட்டும் இங்கே போதாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் ஒட்டோமொபைல் அசோசியேஷனில் காட்டி உறுதிப்படுத்தவேண்டும், அல்லது மோட்டார் வாகனத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி எடுக்கவேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு கவுண்டர் இருக்கிறது. இது இல்லாமல் ஓட்டிய கார் சேதமானால், சட்டப்படி ஓட்டவில்லை என்ற ஒரே வரியில் கிளைமைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட் கொடுப்பது வாடகைக் காரின் சேதத்துக்கும் களவுக்கும்தான். நீங்கள் இடித்த மற்ற வாகனத்துக்கோ, காயப்பட்ட ஆளுக்கோ ஒரு சதமும் வராது. அதற்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி காரில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்கவேண்டும்.

உரசின பிறகு என்ன செய்வது

எடுக்கும்போதே, கடை வாசலில் வைத்து, காரைச் சுற்றி ஒரு வீடியோ. சக்கரத்தின் ரிம், முன் கண்ணாடி, கூரை, கிலோமீட்டர் எண் எல்லாம் அதில் தெரியவேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வீடியோ. சேதம் நடந்தால் முதலில் வாடகைக் கம்பனிக்குச் சொல்லுங்கள், அவர்கள் தங்கள் காப்புறுதிக்காரரைக் கூப்பிடுவார்கள். காரை நகர்த்தமுன் படம் எடுங்கள். பிறகு பொலிஸ் என்ட்ரி. 'சின்னக் கீறல்தானே, பொலிசுக்கு ஏன் போவான்' என்று அத்தான் சொன்னார். அவர் கார்ட்டால் கட்டியிருந்தாலும் அந்த என்ட்ரி இல்லாமல் இழுபட்டிருப்பார். என்ட்ரியின் கொப்பி பெரும்பாலும் சிங்களத்தில்தான் கிடைக்கும், ஆகவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். ரொறன்ரோவுக்குப் போன பிறகு இதற்காக என்னை வெள்ளவத்தை பொலிசுக்கு அனுப்பாதீர்கள்.

கம்பனியிடம் வாங்கவேண்டியவை: இரண்டு பக்கமும் தெரியும் வாடகை ஒப்பந்தக் கொப்பி, திருத்தச் செலவு மதிப்பீடு, பிறகு உண்மையான கராஜ் பில், உங்களிடம் இவ்வளவு கேட்கிறோம் என்ற கடிதம். கராஜில் நின்ற நாளுக்கு வாடகை இழப்புக் கேட்டால், அந்த நாட்களில் அவர்களின் மற்றக் கார்கள் எல்லாம் ஓட்டத்தில் இருந்தன என்பதற்கு ஒரு பதிவு காட்டச் சொல்லுங்கள். கார்ட் தரப்பு அந்தப் பதிவைக் கேட்கும். கடைக்காரரிடம் அப்படி ஒன்று இல்லையென்றால் 54,000 ரூபா அங்கேயே கொஞ்சம் இறங்கவும் கூடும். எங்களுக்கு அன்று இது தெரியாது.

கார்ட் கம்பனிக்கு அன்றைக்கே போன் எடுங்கள். அமெரிக்க விசா கார்ட்டுகள் பலவற்றில் 45 நாளுக்குள் சொல்லவேண்டும் என்று கெடு இருக்கிறது. விடுமுறை முடிந்து வீட்டுக்குப் போய், களைப்பாறி, தபால்களைப் பிரித்துப் பார்ப்பதற்குள் அது ஓடிவிடும்.

நம்முடைய கார்ட்டில் என்ன இருக்கிறது

இலங்கை வங்கிக் கார்ட்டை எடுத்துக்கொண்டு மலேசியாவுக்கோ டுபாய்க்கோ போய்க் கார் எடுப்பவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 'வாடகைக் கார் சலுகை' என்று வங்கி அனுப்பும் செய்தி பெரும்பாலும் வாடகையில் கழிவு. அது காப்புறுதி அல்ல. கழிவை நம்பிச் சி.டி.டபிள்யூவை வேண்டாம் என்று சொன்னால் முழுச் சேதமும் உங்கள் தலையில். 'காப்புறுதி' என்று எழுத்தில், எந்தக் காப்புறுதிக் கம்பனி, எவ்வளவு தொகை என்று இருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்கள் விற்பதை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

கார் எடுக்கும்போது கார்ட்டில் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். அது செலவு அல்ல, ஆனால் உங்கள் கார்ட்டின் கடன் எல்லையிலிருந்து அவ்வளவும் குறையும். கார் கொடுத்த பிறகும் விடுபடச் சில நாள் ஆகும். ஹோட்டலுக்கு வேறு கார்ட் வைத்துக்கொள்வது நல்லது. மெஷினில் 'இலங்கை ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுக் காசையே அமத்துங்கள். ரூபாயில் காட்டும் மாற்று விகிதத்தில் கடைக்காரர் பக்கம் ஒரு பங்கு சேர்ந்திருக்கும்.

பெட்டி, விசா, லவுஞ்ச்

என் வாடிக்கையாளர்களில் கார்ட்டிடமிருந்து உண்மையாகவே காசு வாங்கியவர் பம்பலப்பிட்டியில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. லண்டனில் பேத்தியின் கல்யாணத்துக்குப் போனார், பெட்டி இரண்டு நாள் பிந்தி வந்தது. கல்யாணச் சேலை பெட்டிக்குள். ரீச்சர் பதறவில்லை. விமான நிலையத்திலிருந்து வெளியே வரமுன்னமே கவுண்டரில் முறைப்பாடு எழுதிக்கொடுத்து, பி.ஐ.ஆர் என்ற அந்தத் தாளை வாங்கினார். சேலை, கம்பளிச் சட்டை, பல்துலக்கி வரைக்கும் வாங்கியதற்குப் பில் வைத்திருந்தார். பல்துலக்கிப் பில்லை ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "நாற்பது வருஷம் மாணவரிட்ட இருந்து கொப்பி வாங்கிப் பழகினனான் தம்பி" என்றார். டிக்கெட்டை அவருடைய கார்ட்டால் முழுவதாகக் கட்டியது நான்தான், அது என் கெட்டித்தனம் இல்லை, தற்செயல். இரண்டு மாதத்தில் காசு வந்தது.

பெட்டி பிந்தினால் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு கார்ட் கொடுக்கும் என்பது கார்ட்டைப் பொறுத்தது. திரும்பி ஊருக்கு வரும்போது பிந்தினால் பெரும்பாலும் கிடையாது, வீட்டில்தான் உடுப்பு இருக்கிறதே. கார்ட்டை விட்டாலும் விமானக் கம்பனிக்குப் பொறுப்பு உண்டு. மொன்றியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமானால் 7 நாளுக்குள்ளும், பிந்தினால் பெட்டி கைக்கு வந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிடவேண்டும்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி காட்டவேண்டும். உயர்தரக் கார்ட் சிலவற்றில் பயணக் காப்புறுதிச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம். தொகை, நாட்கள், ஷெங்கன் நாடுகள் முழுவதும் என்ற சொல், மூன்றும் சான்றிதழில் இருந்தால் தனியாக வாங்கும் காசு மிச்சம். ஒன்று குறைந்தாலும் தனியாக வாங்குங்கள், விசாவோடு விளையாடவேண்டாம்.

கார்ட்டைக் காட்டி உள்ளே போகும் விமான நிலைய ஓய்வறை, அதுதான் லவுஞ்ச், பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கட்டுநாயக்கவில் அரலிய, லோட்டஸ் இரண்டுக்கும் போகிறவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். கூட வருகிறவருக்குத் தனிக் கட்டணம் டொலரில் வரும், அவ்வளவுதான்.

பிழையான பில்லைத் திருப்புவது

இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு, எனக்கு இதுதான் கார்ட்டின் பெரிய பலமாகத் தெரிகிறது. இணையத்தில் காசு கட்டி, பொருள் வரவில்லை, ஹோட்டல் அறை கொடுக்கவில்லை, இரத்துச் செய்த பதிவுக்குக் காசு திரும்பவில்லை என்றால், கார்ட் கொடுத்த வங்கிக்கு எழுதி அந்தப் பில்லை மறுக்கலாம். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் பெரும்பாலான விஷயங்களுக்கு 120 நாள் வரை இடம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு காத்திருக்காமல் ஸ்டேட்மென்ட் வந்த கிழமையே எழுதுங்கள். முதலில் விற்றவரிடம் கேட்டு, அவர் மறுத்த மின்னஞ்சலைச் சேர்த்து அனுப்பவேண்டும். "போன்ல கதைச்சனான்" என்பது ஆதாரம் அல்ல. கவுண்டரில் இருப்பவர் இப்படி ஒன்று இல்லை என்றால் கார்ட் பிரிவோடு பேசவேண்டும் என்று கேளுங்கள். வங்கி பதில் தராமல் இழுத்தால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோர் முறைப்பாடுகளைப் பார்க்கவென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது, நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். டெபிட் கார்ட்டிலும் மறுக்கலாம்தான், ஆனால் முடிவு வரும்வரை உங்கள் சேமிப்பிலிருந்து போன காசு வெளியே நிற்கும். கிரெடிட் கார்ட் என்றால் நிற்பது வங்கியின் காசு.

இவை எதுவும் நிரந்தரம் இல்லை. அமெரிக்காவில் சிட்டி வங்கி 2019 செப்டம்பர் 22 அன்று தன் கார்ட்டுகள் பெரும்பாலானவற்றிலிருந்து வாடகைக் கார், பயணக் காப்புறுதி எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டது. போன வருஷம் இருந்தது என்று இந்த வருஷம் நம்பமுடியாது. பயணத்துக்கு முன் ஒரு தரம் போன் எடுத்து, அன்றைய தேதியில் செல்லும் புத்தகத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

அக்கா குடும்பம் அடுத்த ஆடியிலும் வருகிறது. இந்த முறை அத்தான் முன்கூட்டியே புத்தகத்தை எடுத்து, மஞ்சள் கோடு போட்டு, படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். நாள் எல்லை சரி, இலங்கை சரி, முழு வாடகையும் கார்ட்டில் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். ஆனால் இம்முறை மாமியும் பிள்ளைகளும் சேர்த்துப் பத்துப் பேர், வான்தான் வேண்டுமாம். விலக்குப் பட்டியல் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் அவர் மஞ்சள் கோடு போடவில்லை. நான் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.